அப்பாவோட பெட்ரோல் டைரியும் என் கரண்டு பில்லும்

போன ஞாயித்துக்கிழமை கோபில ஒரு கல்யாணம்.

பந்தியில உக்காந்து இலைக்குத் தண்ணி தெளிச்சிட்டு இருக்கேன். பக்கத்து இலையில சித்தப்பா. உப்பு வெச்சுட்டுப் போனதுமே ஆரம்பிச்சார்.

"ஏங் கண்ணு, கரண்டு காருல கிலோமீட்டருக்கு ஒரு ரூபாதான் ஆகுதாமா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எதிர் வரிசையில இருந்து பெரியப்பா மகன். "ஒரு ரூபாயெல்லாம் இல்லீங் சித்தப்பா, அம்பது பைசாதான். வாட்ஸப்ல வந்துச்சு."

அவருக்குப் பக்கத்துல இன்னொருத்தர். "அதெல்லாஞ் சரி, எட்டு வருசத்துல பேட்டரி போயிரும். அப்புறம் காரு வெறும் டப்பாதான். கொண்டுபோயி பழைய இரும்புக் கடையில போட வேண்டியதுதான்."

ரெண்டு பேர்கிட்டயும் கரண்டு கார் கிடையாது. ரெண்டே முக்கா வருஷமா, 63,000 கிலோமீட்டர் ஓட்டினவ அதே பந்தியில உக்காந்திருக்கேன். ரசம் வர்ற வரைக்கும் என்னை ஒருத்தர்கூடப் பேச விடல. நெஜமாவே கோவம் வந்துருச்சுங்க. ஏன்னா சித்தப்பா ஏதோ பேச்சுக்காகக் கேக்கல. ரிட்டயர்மென்ட் பணத்துல இருந்து எடுத்து வாங்கப் போறார். அம்பது பைசாவை நம்பி வாங்கினாலும் தப்பாயிடும், பழைய இரும்பை நம்பி வாங்காம விட்டாலும் தப்பாயிடும்.

அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல நம்ம கதை. வீடு கோயமுத்தூர், வேலை பொள்ளாச்சியில ஒரு தேங்காய் நார் கம்பெனியில, கணக்கு எழுதறது. போக 40, வர 40, ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். மாசத்துக்கு 22 நாள். அதாவது 1,760 கிலோமீட்டர் ஆபீஸுக்கு மட்டும். (பஸ்ஸுல போகலாமேன்னு கேப்பீங்க. ஆறு வருஷம் போனேன். முதுகு ஒத்துழைக்கல.)

எங்க அப்பாவுக்கு ஒரு பழக்கம். பெட்ரோல் போட்டா டைரியில எழுதுவார். தேதி, எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபா, அப்ப மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர். மொபெட் காலத்துல இருந்து எழுதினது. 2019-ல அவர் போனதுக்கு அப்புறம் அந்தச் சிவப்பு ரெக்ஸின் டைரியை நான் எடுத்துக்கிட்டேன். எழுதறதை நிறுத்த மனசு வரல. அதனால எங்கிட்ட இருக்கற கணக்கு யாரோ சொன்னது இல்ல, ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு வரி இருக்கு.

2016-ல வாங்கின பெட்ரோல் கார் எங்களோடது. 1.2 லிட்டர் இன்ஜின். டைரிப்படி பொள்ளாச்சி ரோட்டுல சராசரி லிட்டருக்கு 15. கம்பெனிக்காரங்க விளம்பரத்துல போடற மைலேஜ் வேற, ஈச்சனாரி தாண்டறதுக்குள்ள நாலு இடத்துல நின்னு நின்னு போற மைலேஜ் வேற.

2023 மார்ச்ல எலக்ட்ரிக் கார் வாங்கினோம். 30 கிலோவாட் ஹவர் பேட்டரி. பேர் சொல்லல, இது எந்தக் கம்பெனிக்கும் விளம்பரமும் இல்ல, வசையும் இல்ல.

முதல் ரெண்டு மாசம் ஆனந்தம். பங்க்கைப் பாத்துக்கிட்டே நிக்காம போறதுல ஒரு சுகம் இருக்கு பாருங்க! ராத்திரி பத்து மணிக்குப் போர்டிகோவுல சொருகிட்டுப் படுத்தா விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் அன்னிக்கு ஓட்டினது நிரம்பிடும்.

அப்புறம் மே மாசம் ரீடிங் எடுத்தாங்க.

எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட்டுக்குள்ள ஓடும். பில்லு 1,035 ரூபா. அந்தத் தடவை 980 யூனிட். பில்லு 6,350 ரூபா.

அம்மா அட்டையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாங்க. "என்ன கண்ணு இது? நாம என்ன ரைஸ்மில்லா வெச்சிருக்கோம்?"

இங்கதான் அந்த வாட்ஸப் அம்பது பைசா எங்க தப்பா போகுதுன்னு புரிஞ்சுது. நம்ம தமிழ்நாட்டுல கரண்டுக்கு ஒரே ரேட் கிடையாது, படிப்படியா ஏறும். முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள்ள இருந்தா அடுத்த 100 அப்ப 2 ரூபா 25 பைசா, அதுக்கு மேல 400 வரைக்கும் 4 ரூபா 50 பைசா. 401-ல இருந்து 6 ரூபா. 500-ஐத் தாண்டினீங்கன்னா அந்த 2 ரூபா 25 பைசா சலுகையே கிடையாது, அதுவும் 4 ரூபா 50 பைசா ஆயிடும். 501-ல இருந்து 8 ரூபா, 601-ல இருந்து 9, 801-ல இருந்து 10, ஆயிரத்துக்கு மேல 11. (இது 2022 செப்டம்பர்ல வந்த ரேட். 2024 ஜூலையில கிட்டத்தட்ட அஞ்சு சதவீதம் ஏத்தினாங்க.)

கார் என்ன பண்ணுது? இலவச யூனிட்டையும் மலிவு யூனிட்டையும் ஏற்கெனவே மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் சாப்பிட்டு முடிச்சிருக்கும். கார் வந்து கடைசிப் படியில உக்காரும். அது குடிக்கற யூனிட் எல்லாமே விலை அதிகமான யூனிட். பில்லுல மொத்த ரூபாயை மொத்த யூனிட்டால வகுத்து, யூனிட்டுக்கு ஆறு ரூபாதானேன்னு சொல்றவங்க காரோட செலவைக் கொறைச்சுச் சொல்றாங்க. காருக்கு முன்னாடி பில்லு எவ்வளவு, பின்னாடி எவ்வளவு, அந்த வித்தியாசம்தான் காரோடது.

எனக்கு அந்த வித்தியாசம் 5,315 ரூபா. ஓடினது 3,520 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபா அம்பத்தோரு பைசா. 2024-ல ஏத்தின ரேட்ல ஒண்ணு அறுபதை ஒட்டி வருது.

இன்னொண்ணு, கார் ஸ்க்ரீன்ல காட்டற யூனிட்டை நம்பாதீங்க. பேட்டரிக்குள்ள போனதுதான் அதுல தெரியும். சுவத்துல இருந்து எடுக்கறதுல பத்துல ஒரு பங்கு சார்ஜர் சூட்டுலயும் பேட்டரி சூட்டுலயும் போயிடுது. ஈ.பி. மீட்டர் அதையும் சேத்துத்தான் எண்ணும். நான் காருக்குன்னு 900 ரூபாய்க்கு ஒரு சின்ன சப் மீட்டர் போட்டு வெச்சிருக்கேன். அதுதான் உண்மை பேசும்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவை உக்கார வெச்சு அப்பா டைரியைத் திறந்தேன். அதே 3,520 கிலோமீட்டர், லிட்டருக்கு 15. 235 லிட்டர். அப்ப எங்க ஊர்ல லிட்டர் 103 ரூபா. 24,200 ரூபா.

அம்மா ரெண்டு நம்பரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "அப்ப ரெண்டு மாசத்துக்குப் பத்தொம்பதாயிரம் மிச்சமா?"

ஆமாம்மா. கிட்டத்தட்ட.

"இத்தனை நாளும் அது கண்ணுல படவே இல்லியே."

அம்மா சொன்னதுதான் விஷயமே! பெட்ரோல் காசு ஆயிரம் ஆயிரமா, ரெண்டாயிரமா பங்க்ல போகும். ஒரு தடவைகூட 24,000-னு ஒரு காகிதத்துல அச்சடிச்சு வீட்டு வாசலுக்கு வந்ததில்ல. கரண்டு பில்லு வந்துருது. அதனால மிச்சமாகற காசு செலவு மாதிரி தெரியுது, செலவான காசு தெரியவே இல்ல.

(ஒரு சின்ன விஷயம். எங்க தெருவுல ஒரு சாம்பல் பூனை இருக்கு. பெட்ரோல் கார் இருந்தப்ப சாயங்காலம் நான் வந்து நிறுத்தின அஞ்சாவது நிமிஷம் பானெட் மேல ஏறிப் படுத்துக்கும். மார்கழியில நகரவே நகராது. புதுக் கார் வந்ததும் முதல் நாள் ஏறுச்சு, பாதத்தை வெச்சுப் பாத்துச்சு, எறங்கிப் போயிருச்சு. பானெட் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு. பெட்ரோல் இன்ஜின்ல நாம ஊத்தற எண்ணெயோட சக்தியில முக்காவாசிக்குக் கிட்ட சூடாவே வெளிய போயிடும், மிச்சம்தான் சக்கரத்துக்கு. மோட்டார் அப்படி இல்ல, வாங்கின கரண்டுல பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே குடுத்துரும். அந்தப் பூனைக்கு இதமா இருந்ததெல்லாம் எங்க வீட்டுப் பெட்ரோல் காசு.)

சரி, இது வரைக்கும் படிச்சுட்டு ஷோரூமுக்குக் கிளம்பிடாதீங்க. இது ஓட்டற செலவு மட்டும்தான். வெச்சிருக்கற செலவுன்னு ஒண்ணு இருக்கு.

வாங்கும்போது எங்க கார் ஆன்ரோடு 15 லட்சத்து 40 ஆயிரம். அதே அளவு, அதே வசதி இருக்கற பெட்ரோல் கார் 12 லட்சத்து 10 ஆயிரத்துக்குக் கிடைச்சிருக்கும். வித்தியாசம் 3 லட்சத்து 30 ஆயிரம். இந்த வித்தியாசமே ரோடு டாக்ஸ் இல்லாததால இவ்வளவோட நின்னுச்சு. நான் வாங்கினப்ப தமிழ்நாட்டுல கரண்டு காருக்கு வாழ்நாள் வரி முழுசா விலக்கு. முதல்ல 2022 கடைசி வரைக்கும்னாங்க, அப்புறம் 2025 டிசம்பர் 31 வரைக்கும்னு நீட்டினாங்க. நீங்க வாங்கற அன்னிக்கு என்ன நிலவரம்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, கணக்கே அதுல மாறும். பெட்ரோல் காருக்கு 2023 நவம்பர்ல இருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் 12 சதவீதம், பத்து வரைக்கும் 13, பத்துல இருந்து இருபது லட்சம் வரைக்கும் 18. பத்து லட்சத்தைத் தாண்டின காருக்கு அது ரெண்டு லட்சம் மாதிரி.

ஆனா 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்னப் பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 ஆச்சு, செஸ்ஸும் போச்சு. கரண்டு காருக்கு எப்பவும் போல அஞ்சுதான். அதனால சின்னப் பெட்ரோல் கார் எறங்கிருச்சு, கரண்டு கார் அதே எடத்துல நிக்குது. நான் வாங்கினப்ப இருந்த கணக்கை வெச்சு இன்னிக்கு நீங்க முடிவெடுக்கக் கூடாது.

வட்டியையும் சேத்துக்கோங்க. அந்த அதிகப்படி 3 லட்சத்து 30 ஆயிரமும் கடன்தான். அஞ்சு வருஷத்துல அதுக்கு மட்டும் வட்டி 80,000 கிட்ட போகுது. எனக்கு ஒரு நல்லது நடந்துச்சு. கரண்டு கார் கடன் வட்டிக்கு வருமான வரியில 80இஇபி-னு ஒரு கழிவு இருந்துச்சு, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும். 2023 மார்ச் 31-க்குள்ள சாங்ஷன் ஆன கடனுக்குத்தான். நான் பேங்க்ல நின்னு அந்த மாசமே வாங்கினேன். பழைய வரி முறையில இருக்கறதால எனக்குக் கெடைக்குது. இனிமேல் வாங்கறவங்களுக்கு அது இல்ல. இன்னும் சில சேல்ஸ் தம்பிங்க அதைச் சொல்லி விக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், ஏமாந்துறாதீங்க.

அப்புறம் எர்த்.

இதை யாருமே சொல்லித் தரல. கார் வந்த அன்னிக்கு ராத்திரி, பூஜை எல்லாம் போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, சார்ஜரைச் சொருகினா பெட்டியில சிவப்பு லைட். மறுபடி சொருகினேன். சிவப்பு. ஏத்தவே மாட்டேங்குது. காலையில எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல புடிச்சுக் காட்டினார். பல்பு உள்ள இருக்கற கம்பி மட்டும் லேசா சிவந்துச்சு, வெளிச்சமே இல்ல.

"எர்த்து செத்துப் போச்சுங் மேடம். இருபது வருசத்துக்கு மேல ஆச்சில்ல, உள்ள பைப்பு துருப்புடிச்சிருக்கும். ஃப்ரிட்ஜு மிக்ஸியெல்லாம் இதைக் கண்டுக்காம ஓடிரும். இந்தக் காரு கண்டுபுடிச்சிரும்."

முருங்கை மரத்துக்குப் பக்கத்துல எட்டடிக் குழி. பைப்பை நிறுத்தி ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு. மேல பத்துக் குடம் தண்ணி. சாயங்காலம் அதே பல்பைப் புடிச்சார். பளீர்னு எரிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சத்தியமா. அத்தனை நாளும் குழந்தைங்க ஈரக் கையோட கீஸர் சுவிட்சைப் போட்டுட்டு இருந்துச்சே அந்த வீட்டுல!

குழி, தனி கேபிள், எம்.சி.பி., தொழிற்சாலையில போடற மாதிரி கெட்டி சாக்கெட், எல்லாம் சேத்து 14,000. ஈ.பி.-ல லோடு ஏத்தக் கட்டினது தனி. ஷோரூம் கொட்டேஷன்ல இதுல ஒரு ரூபாகூட இருக்காது.

இன்ஷூரன்ஸ். "கரண்டு காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி"ன்னு சொல்வாங்க. பொய் இல்ல. ஆனா எந்தப் படியில தள்ளுபடின்னு பாக்கணும். 2022 ஜூன்ல வந்த மூணாம் நபர் பிரீமியம்: பெட்ரோல் கார் 1,000-ல இருந்து 1,500 சி.சி. வரைக்கும் 3,416 ரூபா, 1,500-க்கு மேல 7,897. கரண்டு கார் 30-ல இருந்து 65 கிலோவாட் வரைக்கும் 2,904, 65-க்கு மேல 6,712. எங்க காரோட மோட்டார் 65-ஐத் தாண்டினது. அதே அளவு பெட்ரோல் கார் 1.2 லிட்டர். அது கட்டறது 3,416, நான் கட்டறது 6,712! புதுக் காருக்கு மூணு வருஷம் சேத்துக் கட்டணும்னு சட்டம், அதுக்கு மட்டும் 20,907 போச்சு. கார் விலை அதிகங்கறதால சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் கூட. மொத்தத்துல வருஷத்துக்கு ஒம்பதாயிரம் மாதிரி அதிகம். சின்ன ஹேட்ச்பேக் கரண்டு கார்னா 65-க்குள்ள வந்துரும், அப்ப பிரச்சனை இல்ல.

சர்வீஸ்ல நல்ல மிச்சம். ஆயில் இல்ல, ஆயில் ஃபில்டர் இல்ல, ஸ்பார்க் ப்ளக் இல்ல, கிளட்ச் இல்ல. (பழைய காருக்கு 90,000 கிலோமீட்டர்ல கிளட்ச் மாத்தினது டைரியில செவப்பு மையில இருக்கு, 11,200 ரூபா.) பிரேக் பேடு இன்னும் மாத்தல. காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் புடிச்சு நிறுத்தி அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பிக் குடுத்துருது, பேடுக்கு வேலையே கொஞ்சம்தான்.

அந்த மிச்சம் டயர்ல போச்சு. பழைய காருக்கு முதல் செட்டு 48,000 ஓடுச்சு. இதுக்கு 36,000-லயே வழுக்கை. வண்டி கனம், மிதிச்ச உடனே இழுக்கற இழுப்பு, டயர் தேயாம என்ன பண்ணும்? நாலு டயர் 34,000 ரூபா. அதுக்கப்புறம் சிக்னல்ல பைக்காரனோட போட்டி போடறதை விட்டுட்டேன், ரெண்டாவது செட்டு நல்லா வருது.

அப்புறம் ஒரு ஆடி மாசக் காலை. கார்ல 70 சதவீதம் சார்ஜ். ரிமோட்டை அமுக்கறேன், திறக்கல. சாவியைப் போட்டுத் திறந்தா உள்ள ஒரே இருட்டு. ஸ்க்ரீன் வரல, ஹாரன்கூட அடிக்கல. எனக்குக் கையெல்லாம் நடுங்கிருச்சு. பேட்டரி போச்சு, இனி பழைய இரும்புக் கடைதான்னு நெனச்சுட்டேன். வந்து பாத்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, ஓரத்துல இருந்த சாதாரண 12 வோல்ட் பேட்டரியைக் காட்டினார். எல்லாக் கார்லயும் இருக்கற அதே ஆசிட் பேட்டரி. பெரிய பேட்டரியை எழுப்பி விடறதே அந்தச் சின்னதுதானாம். அது செத்தா பெருசு எவ்வளவு நிரம்பி இருந்தாலும் வண்டி அசையாது. 5,600 ரூபாய்க்குப் புதுசு போட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிருச்சு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் செலவையும் எழுதி வெச்சுக்கோங்க.

வெளியூர்?

மதுரைக்கு ஒரு தடவை போனோம், 215 கிலோமீட்டர் இருக்கும். எங்க பேட்டரி 195 ஓடும். அதனால நடுவுல ஒரு தடவை ஏத்தியே ஆகணும். வெளிய ஃபாஸ்ட் சார்ஜர்ல யூனிட் 20-ல இருந்து 25 ரூபா வரைக்கும் குடுத்திருக்கேன், 18 சதவீதம் ஜி.எஸ்.டி.-யோட சேத்து. அந்த விலைக்கு ஓட்டினா கிலோமீட்டருக்கு மூணரை ரூபா. பெட்ரோலுக்கு ஆகற ஏழு ரூபாய்ல பாதி. ஆனா அன்னிக்கு நாங்க போய் நின்ன எடத்துல ரெண்டு சார்ஜர் கன்னுல ஒண்ணு வேலை செய்யல, இன்னொண்ணுல ஒரு டாக்ஸி. அந்தத் தம்பி முடிக்க 40 நிமிஷம், எங்களுக்கு 50 நிமிஷம். அம்மாவுக்கு மூட்டு வலி, கார்லயே உக்காந்திருந்தாங்க. குழந்தைங்க பரோட்டா கேட்டுச்சு, அப்புறம் ஜிகர்தண்டா கேட்டுச்சு. 640 ரூபா. (அதையும் டைரியில எழுதினேன். சார்ஜ் ஏத்தப் போகலைன்னா அந்தச் செலவு இல்லையே!)

வீட்டுல சொருக எடம் இல்லாதவங்க, அதாவது அப்பார்ட்மென்ட்ல பார்க்கிங்கே இல்லாம தெருவுல நிறுத்தறவங்க, எப்பவுமே இந்த வெளி விலைதான் குடுக்கணும். அவங்களுக்கு என் கணக்கு ஒத்து வராது. மிச்சம் மூணுல ஒரு பங்குக்கு மேல கொறைஞ்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு மணி நேரம் காத்திருப்பும் சேரும்.

இப்ப பேட்டரிக்கு வர்றேன். எங்க பேட்டரிக்கு வாரண்டி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அது. எல்லாரும் எட்டு வருஷத்தையே பேசறாங்க. நான் வருஷத்துக்கு 23,000 ஓட்டறேன். எனக்கு ஏழாவது வருஷத்துலயே கிலோமீட்டர் முடிஞ்சுரும். வாரண்டி முடிஞ்ச மறுநாள் பேட்டரி சாகும்னு அர்த்தம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா கொள்ளளவு கொறையும், அவ்வளவுதான். போன சர்வீஸ்ல பாத்தப்ப 94 சதவீதம்னாங்க. 195 ஓடினது 150 ஆனாக்கூட என் பொள்ளாச்சிக்குப் போதும்.

ஆனா விக்கற விலை? இங்கதான் மனசு கனக்குது. ஆசைக்கு ஒரு பழைய கார் கடையில கேட்டேன். பதினஞ்சரை லட்சம் குடுத்து வாங்கினதுக்கு அவர் சொன்னது ஏழு. ரெண்டரை வருஷத்துல பாதிக்கு மேல போச்சு. எங்க பழைய பெட்ரோல் காரை ஏழு வருஷம் ஓட்டி, 1,28,000 கிலோமீட்டர்ல, 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வாங்கினதை 3 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வித்தோம். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கார் மாத்தற பழக்கம் இருக்கறவங்க கரண்டு கார் பக்கம் இப்போதைக்கு வராதீங்க. எறங்கின விலையே மிச்சத்தையெல்லாம் முழுங்கிரும். நான் பத்து வருஷம் வெச்சு ஓட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா என் வருஷக் கணக்கு இப்படி வருது. 23,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல், லிட்டர் 101 ரூபான்னு வெச்சா, கிட்டத்தட்ட 1,55,000. கரண்டு, வீட்டுலயும் வெளியவும் சேத்து 40,000. மிச்சம் 1,15,000. சர்வீஸ்ல ஒரு அஞ்சாயிரம் மிச்சம், இன்ஷூரன்ஸும் டயரும் அதையும் தாண்டித் திருப்பி வாங்கிக்குது. கையில நிக்கறது ஒரு லட்சத்து அஞ்சாயிரம் மாதிரி. அதிகமா குடுத்த 3 லட்சத்து 30 ஆயிரம், வட்டி, எர்த் குழி எல்லாம் நாலு வருஷத்துல திரும்பிரும். அஞ்சாவது வருஷத்துல இருந்து என் காசு.

இனி சித்தப்பா கணக்கு. பாயசம் சாப்பிட்டு, கை கழுவிட்டு, மண்டபத்து வாசல்ல செருப்பைத் தேடிட்டே கேட்டேன்.

"சித்தப்பா, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டறீங்க?"

"அது ஆவும்மா, நெறைய ஓட்டறேன். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மாசம் ஒருக்கா ஈரோடு."

வாங்க, மீட்டரைப் பாக்கலாம்னு கூட்டிட்டுப் போனேன். ஒம்பது வருஷத்துக் கார். 36,400 கிலோமீட்டர். வருஷத்துக்கு நாலாயிரம்.

நாலாயிரத்துக்குப் பெட்ரோல் வருஷத்துக்கு 27,000 ரூபா. கரண்டு நாலாயிரம் ஆகும்னு வைங்க. மிச்சம் 23,000. அதுல இன்ஷூரன்ஸ் அதிகம் போக 15,000 நின்னா பெருசு. அதிகப்படியா போடற மூணு லட்சம் திரும்ப இருபது வருஷம். சித்தப்பாவுக்கு இப்பவே அறுபத்தி ஒண்ணு.

"வாங்காதீங்க சித்தப்பா. கரண்டு கார் மட்டும் இல்ல, எந்தப் புதுக் காரும் வேண்டாம். இதுக்கு நாலு டயர் மாத்துங்க, ஒரு நல்ல சர்வீஸ் விடுங்க. மிச்சத்தை டெபாசிட்ல போடுங்க. அந்த வட்டியே உங்க பெட்ரோலுக்கு ஆயிரும்."

அவர் முகம் கொஞ்சம் வாடிருச்சு. எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. ஆசையா கேட்டவர்கிட்ட வேண்டாம்னு சொல்றது லேசு இல்ல. ஆனா அவர் முப்பத்தி நாலு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்துச் சேத்த காசு அது.

(சோலார் போட்டா என்னன்னு கேக்கறவங்களுக்கு: கணக்குப் பாத்துட்டு இருக்கேன். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபா. நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் மாதிரி வரும், ரெண்டு மாசத்துக்கு 720. என் கார் குடிக்கறது 600. கடைசிப் படி யூனிட் எல்லாமே அப்படியே கழிஞ்சுரும். தடங்கல் ஒண்ணே ஒண்ணு, மொட்டை மாடியில வடாம் காயப்போடற எடத்தை அம்மா விட மாட்டேங்கறாங்க. பேச்சுவார்த்தை நடக்குது.)

நேத்து ராத்திரி சித்தப்பா போன் பண்ணார். நாலு டயரும் மாத்திட்டாராம். சந்தோஷமாத்தான் பேசினார். அப்புறம் மெதுவா,

"ஏங் கண்ணு, எனக்குத்தான் வேண்டாங்கற. நம்ம மாப்பிள்ளை ஈரோட்டுல இருந்து திருப்பூருக்குத் தெனமும் கார்லதான் போயிட்டு வர்றாரு. அவருக்கு?"

சொந்த வீடா, வாடகையா சித்தப்பா?

"சொந்த வீடு. கார் நிறுத்த போர்டிகோ இருக்கு."

மீட்டரைப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லுங்க, கடைசியா வந்த ரெண்டு கரண்டு பில்லும் வேணும்னேன்.

காலையில படம் வந்திருக்கு. மூணரை வருஷத்துக் கார். 1,12,460 கிலோமீட்டர். பில்லு ரெண்டும் 410 யூனிட்டை ஒட்டி இருக்கு.

இன்னிக்கு ராத்திரி குழந்தைங்க தூங்கினதும் அப்பா டைரியை எடுத்து வெச்சு உக்காரணும்.